உளுந்து விதைல பூசணம்: நொச்சி மேல தப்பா, நம்ம மேல தப்பா?

திருத்துறைப்பூண்டி பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பங்குனில அடிச்ச உளுந்து 40 கிலோவ தை விதைப்புக்குன்னு பிளாஸ்டிக் டிரம்ல கொட்டி, நடுநடுவுல நொச்சித் தழைய பரப்பி மூடி வச்சிருக்காங்க, தாத்தா காலத்து முறைன்னு அவங்க அப்பா சொன்னதாம். ஐப்பசி மழைல தொறந்து பாத்தா முடை நாத்தம், மேல ஒரு சாண் ஆழத்துக்கு பச்சைப் பூசணம். விதைக்கு கெமிக்கல் போட இஷ்டம் இல்ல, அப்ப எந்த இலைதான் வேலை செய்யும், நொச்சி எல்லாம் சும்மா கதையான்னு கேள்வி.

கதை இல்ல தம்பி. ஆனா அத பத்தி பேசுறதுக்கு முன்னாடி அந்த 40 கிலோவ பாப்போம், தைக்கு நாள் அதிகம் இல்ல.

மூக்குல துணி கட்டிக்கிட்டு, காத்தோட்டமா ஒரு எடத்துல மேல் ஒரு சாண் விதைய தனியா அள்ளுங்க, கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கறத அப்படியே குழி தோண்டி பொதைங்க. அத மாட்டுக்கு வைக்காதீங்க, கோழிக்கும் வேணாம். பச்சையும் மஞ்சளுமா வர்ற பூசணத்துல அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்க வாய்ப்பு உண்டு, மாடு தின்னா பால்லயும் அதோட மிச்சம் வரும், அந்த பாலத்தான் வீட்டுப் புள்ளைங்க குடிக்கும். அடில கெடக்கற விதைய முறத்துல பொடைச்சு, காலை வெயில்ல தார்ப்பாய் போட்டு ரெண்டு மூணு நாள் காய வச்சுட்டு, கை போன போக்குல 100 விதை எண்ணி எடுங்க, நல்லதா பாத்து பொறுக்கக் கூடாது. ஈரச் சாக்குல 25 25ஆ நாலு வரிசை வச்சு சுருட்டி, தண்ணி வடிஞ்ச ஈரமா வச்சிருந்து ஏழாம் நாள் பிரிச்சு எண்ணுங்க. வேரும் குருத்தும் ரெண்டும் நல்லா வந்ததத்தான் முளைச்சதா கணக்கு வைக்கணும், வால் மாதிரி கொஞ்சூண்டு நீட்டிட்டு நின்னத சேக்கக் கூடாது, நம்மள்ல பாதி பேரு இங்கதான் கணக்க ஏமாத்திக்கிறோம். 75க்கு மேல வந்தா விதை பாஸ், சான்று விதைக்கும் அதுதான் அளவு. 60 வந்தா 10 கிலோ தெளிக்கற எடத்துல பன்னண்டரை கிலோ தெளிங்க. 50க்கு கீழ போச்சுன்னா அதோட மல்லுக்கட்டாம வேற விதை வாங்கிடுங்க, ஏன்னா நம்ம டெல்டால உளுந்த உழுது போடுறதில்ல, நெல்லு நிக்கிறப்பவே அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னாடி சேத்துல தெளிக்கிறோம், மண்ணு மூடாம மெழுகுப் பதத்துல அப்படியே கெடக்கற விதைக்கு சொந்த தெம்பு இல்லன்னா அங்கயே அழுகிரும்.

இப்ப ஏன் பூசணம் வந்துச்சுன்னு பாப்போம். சின்ன கணக்குதான். பச்சைத் தழைல முக்காவாசி வெறும் தண்ணி, நொச்சிய ரொம்ப தாராளமா 65 சதவீதம்னே வச்சுக்குவோம். 40 கிலோ விதைக்கு ரெண்டு கிலோ தழை போட்டிருப்பீங்க, அப்ப டிரம்முக்குள்ள ஊத்துனது ஒண்ணேகால் லிட்டர் தண்ணி. மூடி இறுக்கமா இருக்கறதால அது வெளிய போக வழி இல்ல, அவ்வளவும் விதைதான் குடிக்கணும். 9 சதவீத ஈரத்துல இருந்த விதை 12 தொட்டுடும். அதுக்கு மேல பகல்ல சூடாகி ராத்திரி குளிர்றப்ப உள்ள இருக்கற ஆவி மேல ஏறி மூடிக்கு அடில வேர்த்து சொட்டும், அதனாலதான் மேல் ஒரு சாண் மட்டும் போயிருக்கு. தொறந்தப்ப மூடியோட உள்பக்கம் முத்து முத்தா நீர் இருந்துச்சான்னு யோசிச்சு பாருங்க, இருந்திருக்கும்.

இத நான் புத்தகம் படிச்சு சொல்லல. நீடாமங்கலம் பக்கம் விதைப்பண்ணை போட்டு 20 வருஷத்துக்கு மேல ஆவுது, ஆரம்பத்துல நானும் இதே வேலைய பாத்தவன்தான். தழை கருப்பா சுருண்டு ஒவ்வொரு இலைய சுத்தியும் ஒரு கை அகலத்துக்கு விதை பச்சை பூத்து கெடந்துச்சு, பூசணம் இலையோட உருவத்த வரைஞ்சு வச்ச மாதிரி. காவலுக்கு வச்சவனே திருடனுக்கு கதவு தொறந்து விட்ட கதை.

அப்ப தாத்தா காலத்துல மட்டும் எப்படி வேலை செஞ்சுச்சு? அவங்க வச்சது டிரம்ல இல்ல. மண் குதிர், பானை, சாக்கு, மரப் பத்தாயம், இதெல்லாம் மூச்சு விடும், தழைல இருந்த ஈரம் மெல்ல வெளிய போயிரும். அதோட அடுப்பங்கரைக்கு மேல பரண், தெனமும் வெறகு அடுப்பு பொகையும் சூடும் ஏறிக்கிட்டே இருக்கும். அந்த பொகையே ஒரு தாவர மருந்துதான், வெறகு எரியறப்ப வர்ற ஃபீனால் வகைப் பொருளுக்கு பூசணத்த அடக்குற கொணம் இருக்கு, கருவாட்டுக்கு பொகை போடுறவங்கள கேட்டா தெரியும். பாட்டி பொடலை விதையவும் பூசணி விதையவும் சாணில வச்சு சுவத்துல தட்டி வச்சதும், கேப்பைல சாம்பல் கலந்ததும் இந்த வகைதான். இப்ப கேஸ் அடுப்பு, கான்க்ரீட் வீடு, நீல டிரம். தழைய மட்டும் தாத்தாகிட்டேருந்து எடுத்துக்கிட்டோம்.

நான் திரும்ப திரும்ப சொல்றது ஒண்ணுதான், இலை விதைய காய வைக்காது. சேமிப்புல வர்ற ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் மாதிரி பூசணங்களுக்கு சுத்தி இருக்கற காத்துல ஈரப்பதம் 65லேருந்து 70 சதவீதமாச்சும் வேணும், அதுக்கு கீழ அதால வளரவே முடியாது. காஞ்ச விதைல இலை இல்லாட்டியும் பூசணம் வராது, ஈர விதைல என்ன இலை போட்டாலும் நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல, ஓரளவு காஞ்சு அடைமழைல கொஞ்சம் நமுத்துப் போற விதை இருக்கு பாருங்க, அங்கதான் மூலிகைக்கு வேலை. நம்ம ஊருல ஐப்பசி கார்த்திகைல காத்து ஈரம் 80, 85ன்னு நிக்கும், சாக்குல இருக்கற விதை அப்பளம் மாதிரி இழுத்துக்கும், அதனால அந்த நடு எடம் நமக்கு ரொம்ப பெருசு.

எவ்வளவு காயணும்? சான்று விதைக்கு நெல்லுன்னா 13 சதவீதம், உளுந்து பயறுன்னா 9, காத்து புகாத டப்பால அடைக்கறதுன்னா ரெண்டும் 8. நெல்லுல ஒரு கொழப்பம் எங்கேருந்து வருதுன்னா, கொள்முதல் நிலையத்துல 17 சதவீதம் இருந்தா எடுத்துக்கறாங்க, அதனால 17 வந்தா நெல்லு காஞ்சிருச்சுன்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. அது அரைக்கற நெல்லு கணக்கு. 17ல விதைநெல்ல மூட்டை கட்டினா பூசணத்துக்கு விருந்து வைக்கற மாதிரி. ஹாரிங்டன்னு ஒரு விதை விஞ்ஞானி சொன்ன கணக்கு ஒண்ணு உண்டு, 14லேருந்து 5 சதவீதத்துக்குள்ள ஈரம் ஒவ்வொரு சதவீதம் கொறையறப்பவும் விதையோட ஆயுசு ஏறக்கொறைய ரெட்டிப்பாவும்னு. அந்த ஒரு சதவீதத்துக்கு சமமான இலை இந்த பூமில இல்ல.

ஈரம் பாக்கற மீட்டர் இல்லாதவங்களுக்கு உப்பு சோதனை. ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி கண்ணாடி பாட்டில நல்லா காய வச்சு, வாணலில வறுத்து ஆற வச்ச தூள் உப்பு ஒரு ரெண்டு ஸ்பூன் போட்டு, அதுல விதைய பாதிக்கு கொஞ்சம் கொறைவா கொட்டி மூடி ஒரு நிமிஷம் நல்லா குலுக்குங்க, அப்புறம் கால் மணி நேரம் அப்படியே விடுங்க. உப்பு பாட்டில் ஓரத்துல ஒட்டிக்கிட்டு கண்ணாடி மங்கலா தெரிஞ்சா ஈரம் 15க்கு மேல, அத மூட்டை கட்டவே கட்டாதீங்க. உப்பு பொலபொலன்னு அடில விழுந்துருச்சுன்னா 15க்கு கீழன்னு மட்டும்தான் அர்த்தம், 9ன்னு அர்த்தம் இல்ல, அதனால உளுந்துக்கு அதுக்கு மேலயும் ஒரு ரெண்டு மூணு நாள் வெயில் வேணும். பல்லுல கடிச்சா நசுங்காம டக்குன்னு ரெண்டா ஒடையணும். காய வைக்கறப்ப உச்சி வெயில்ல தார் ரோட்டுல போடாதீங்க. விதைக்கு 42, 43 டிகிரிக்கு மேல சூடு ஆகாது, பங்குனி சித்திரைல மத்தியானம் தார் ரோடு எவ்வளவு கொதிக்கும்னு செருப்பு இல்லாம நடந்தவங்களுக்கு தெரியும். காலைல போட்டு மத்தியானம் குவிச்சு மூடி, மூணு மணிக்கு மேல திரும்ப பரப்பணும். அப்புறம் சூட்டோட அள்ளி கட்டவும் கூடாது, ராத்திரி ஆறவிட்டு மறுநாள் கட்டணும்.

சரி, இப்ப மூலிகை. இதுல முதல்ல ஒரு விஷயத்த பிரிச்சுக்கணும், வண்டு வேற பூசணம் வேற. நம்ம ஆளுங்க ரெண்டுக்கும் சேத்து "விதை கெட்டுப் போகாம இருக்க வேப்பிலை போடு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. வேம்பு முக்கியமா பூச்சிக்குத்தான், பூசணத்த அடக்கறதுல அது சுமார்தான். ஆனாலும் வேம்புக்கு ஒரு மறைமுக வேலை இருக்கு. பயறு வண்டு ஓட்டை போட்ட விதை வழியாத்தான் பூசணம் சுலபமா நுழையும், அந்த வண்டுக் கூட்டம் மூச்சு விட்டே குவியலுக்குள்ள சூடும் ஈரமும் ஏறிரும், அதனால வண்ட நிறுத்துனா பூசணமும் பாதி நிக்கும். கிலோவுக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய் தடவுனா வண்டு முட்டை ஒட்டறது கொறையும், ஒட்டுனாலும் பொரியாது. 5 மில்லிய 20 மில்லி ஆக்குனா நல்லதுதானேன்னு ஊத்தாதீங்க, முளைப்பு அடி வாங்கும்.

வசம்பு என்னோட முதல் சாய்ஸ். ராத்திரில பேர் சொல்லக் கூடாதுன்னு "பேர் சொல்லா மருந்து"ன்னு பாட்டிங்க சொல்லுவாங்களே, அதேதான். அதுல இருக்கற பீட்டா அசரோன்னு ஒரு எண்ணெய்ப் பொருள் பூச்சிக்கும் ஆகாது, பூசணத்துக்கும் ஆகாது, ரெண்டையும் ஓரளவு ஒரே கைல பாக்கற சரக்கு வேற அவ்வளவா கெடையாது. கெழங்க நல்லா காய வச்சு இடிச்சு சலிச்சு கிலோவுக்கு 10 கிராம் போட்டு பெரட்டுவேன். ஆனா அந்த அசரோன் நமக்கும் நல்லதில்ல, அமெரிக்கால 1968லயே வசம்ப சாப்பாட்டுல சேக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, நம்ம நாட்டு வசம்புல அது இன்னும் கூடுதல். அதனால வசம்பு போட்ட உளுந்து மிஞ்சிருச்சுன்னு இட்லிக்கு ஊற வைக்கற வேலை வேணாம், டப்பா மேல கொட்டையா "விதை"ன்னு எழுதி வைங்க. எங்க வீட்டுல ஒரு தடவ எழுதாம வச்சு பட்டது போதும், மாவு ஊருக்கே மணந்துச்சு.

நொச்சி நல்ல இலைதான், இத்தன நேரம் அத திட்டுன மாதிரி தெரிஞ்சா மன்னிச்சுக்குங்க. அதோட வாசனை எண்ணெய்தான் வேலை செய்யறது, அந்த எண்ணெய் காத்துல பறக்கற வகை. வெயில்ல காய வச்சா வாசனை வெயிலோட போயிரும், சருகு மட்டும் மிஞ்சும். நெழல்ல, காத்தோட்டமா, கையில கசக்குனா தூளாவுற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள் உணத்தி, மிக்ஸில பொடிச்சு, உடனே போடணும். போன வருஷத்துப் பொடி ஷெல்ஃப்ல இருக்கேன்னு எடுத்து போட்டா அது வெறும் தூசி. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ மோந்து பாருங்க, மணம் இல்லன்னா சரக்கு தீந்துருச்சுன்னு அர்த்தம். பாக்கப் போனா இந்த டெஸ்ட் எல்லா வாசனை இலைக்கும் பொருந்தும்.

லேப்ல பூசணத்த நல்லா அடக்குற லிஸ்ட்ல திரும்ப திரும்ப முன்னாடி வர்றது ஓமம், கிராம்பு, எலுமிச்சம்புல் எண்ணெய்கள்தான். ஓமத்துல தைமால், கிராம்புல யூஜினால், எலுமிச்சம்புல்லுல சிட்ரால், மூணும் பூசணத்தோட செல்லுக்கு மேல இருக்கற சவ்வ ஓட்டை ஆக்கிரும், தண்ணில கரைக்காம ஆவியாவே வேலை செய்யும்ங்கறதால மூடுன டிரம்முக்கு ரொம்ப பொருத்தம். கேக்க நல்லாருக்கு இல்ல? ஆனா விதைக்குள்ள இருக்கற முளைலயும் அதே மாதிரி சவ்வுதான், அந்த ஆவி ஆள் பாக்காது, அளவு கூடுனா விதையும் தூங்கிரும். இன்னொண்ணு, லேப்ல அகார்னு ஒரு சத்துக் கூழ் தட்டுல பூசணத்த மட்டும் வளத்து அதுல எண்ணெய கலந்து பாக்கறாங்க, அங்க ஜெயிக்கற அளவு 50 கிலோ மூட்டைல அப்படியே ஜெயிக்கும்னு சொல்ல முடியாது. நான் எண்ணெய் பக்கம் போறதில்ல. நசுக்குன ஓமத்த ஒரு துணி முடிச்சுல கட்டி கத்திரி, வெண்டை விதை வைக்கற சின்ன பாட்டில்ல மேல தொங்க விடுறதோட சரி.

பூண்டு பத்தி நெறைய பேரு கேப்பாங்க. நசுக்குனப்ப வர்ற அல்லிசின் பூசணத்துக்கு செம அடி, ஆனா அது சில நாள்லயே ஒடஞ்சு போயிரும், போதாததுக்கு ஈரம். விதைக்கறதுக்கு முன்னாடி ஊற வைக்க வேணா ஆகும், ஒம்போது மாச சேமிப்புக்கு ஆகாது. மஞ்சத்தூள், புங்கு இலை, துளசி எல்லாம் ஓரளவுதான். சாம்பல் நல்லது, அது ஈரத்தையும் கொஞ்சம் இழுக்கும் வண்டு தோலையும் உராயும், ஆனா வெறகு சாம்பலுக்கு இப்ப எங்க போறது.

எந்தப் பொடியும் விதைக்கு மேல தோல்லதான் நிக்கும்ங்கறதையும் மறந்துடக் கூடாது. வயல்லேயே உள்ள பூந்து வந்த பூசணத்துக்கு இலை ஒண்ணும் பண்ணாது. நெல்லுல செம்புள்ளி, கதிர்ல மஞ்சள் உருண்டையா வர்ற நெல்பழம், உளுந்துல வேரழுகல், இதெல்லாம் இருந்த வயல்ல விதைக்கு எடுக்காதீங்க. நெல்பழத்த லட்சுமி வந்திருக்கான்னு கும்புட்ட காலம் போச்சு. மிஷின்ல அடிச்ச உளுந்தும் சந்தேகம்தான், மிஷின் உருளை வேகம் கூடுனா கண்ணுக்கு தெரியாத கீறல் விழுந்துரும், பூசணத்துக்கு அதுவே வாசப்படி. விதைக்கு வேண்டிய 40, 50 கிலோவ மட்டும் தனியா கையால தட்டி எடுத்துக்கறது எங்க வழக்கம், வீட்டுல ரெண்டு பேரு அரை நாள் உக்காந்தா முடிஞ்சிரும்.

அப்ப டிரம்ல எப்படி வைக்கறதுன்னா, 8 வரைக்கும் காஞ்ச உளுந்து, வசம்புப் பொடி கிலோவுக்கு 10 கிராம், வேணும்னா நெழல்ல உணத்துன நொச்சிப் பொடி அதே அளவு, பெரட்டி டிரம்ம வாய் வரைக்கும் நெரப்பணும், காலி எடம் இருந்தா அதுல காத்தும் ஈரமும்தான் குடியிருக்கும். மேல வறுத்த அரிசி முடிச்சு. அரிசிய நல்லா செவக்க வறுத்து சூடு ஆறுனதும் உடனே துணில கட்டி வச்சீங்கன்னா அது சுத்தி இருக்கற ஈரத்த குடிக்கும். 10 கிலோ விதைக்கு 2 கிலோ அரிசி வச்சா 100 கிராமுக்கு மேல தண்ணி இழுக்கும், விதை கணக்குல அது ஒரு சதவீதம், அதாவது ஹாரிங்டன் சொன்ன அந்த ஒரு சதவீதம். ஒரு மாசம் கழிச்சு ஒரு நல்ல வெயில் நாளா பாத்து தொறந்து அரிசிய மட்டும் மாத்துங்க, மழைல தொறக்கவே தொறக்காதீங்க. டிரம்ம சிமெண்டு தரைல வைக்காம பலகை மேல, சுவத்த விட்டு ஒரு அடி தள்ளி வைங்க.

நெல்லுக்கு இவ்வளவு வேணாம். சம்பால எடுக்கற விதை ஆடி ஆவணிக்கு போயிரும், நடுவுல கோடைதான், 13க்கு காஞ்சு நொச்சிப் பொடியோட சாக்குல கெடந்தாலே தாங்கும். பிரச்சனை குறுவை விதைக்கும், பாரம்பரிய ரகம் வச்சிருக்கறவங்களுக்கும். குறுவை அறுப்பே மழைல, அடுத்த ஜூன் 12 மேட்டூர் தொறக்கற வரைக்கும் வச்சிருக்கணும். ஆதிரெங்கத்துல மறைஞ்ச நெல் ஜெயராமன் அய்யா நெல் திருவிழால 2 கிலோ கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்கிட்டு இருந்தாரு இல்லையா, அப்படி தூயமல்லி கிச்சிலின்னு ஆளுக்கு ரெண்டு ரெண்டு கிலோவா பல ரகம் வச்சிருக்கறவங்க ஒரு மூட்டை போச்சுன்னா ஒரு ரகமே போன மாதிரி. அவங்க ஒரே எடத்துல வைக்காம பாதிய வேற வீட்டுல கொடுத்து வைக்கறது எல்லா மூலிகையவிடவும் பெரிய காப்பு. 2018 நவம்பர்ல கஜா புயல் ஓட்ட பிச்சுக்கிட்டு போனப்ப என் விதை மூட்டை மேல ரெண்டு நாள் மழை நேரா விழுந்துச்சு, வசம்பும் நொச்சியும் போட்டுத்தான் இருந்துச்சு, நாலாம் நாள் கை விட்டா உள்ள சுடுது. மச்சான் வீட்டுல கெடந்த அரை மூட்டைலதான் அடுத்த வருஷம் வயல் நட்டேன்.

தம்பிக்கு கடைசியா, அடில மிஞ்சுன விதை தேறுச்சுன்னா தெளிக்கறதுக்கு முன்னாடி டிரைக்கோடெர்மா விரிடின்னு கெட்ட பூசணத்த அடக்குற ஒரு நல்ல பூசணத்த கிலோவுக்கு 4 கிராம் கலந்துக்குங்க, இலை இல்லைன்னாலும் உயிர்தான், கெமிக்கல் இல்ல, வேரழுகலுக்கு நல்லது. தழைச்சத்து பிடிச்சுத் தர்ற ரைசோபியம் நுண்ணுயிர் உரமும் போடுறதா இருந்தா இதுக்கு மறுநாள் போடுங்க. அடுத்த பங்குனில 40 கிலோவயும் ஒரே டிரம்ல போடாம ரெண்டு சின்ன டிரம்மா பிரிச்சு, ஒண்ணுல வசம்பு, இன்னொண்ணுல எதுவும் இல்லாம வெறும் காஞ்ச விதைன்னு வச்சு, மார்கழில ரெண்டுலேருந்தும் 100 100 எண்ணி ஈரச் சாக்குல போடுங்க. என்கிட்ட போன வருஷம் வெறும் விதை 81, வசம்பு 86. உங்க வீட்டுக் கணக்கு என்னன்னு அப்ப வந்து சொல்லுங்க.